ஊற்றடியில் வெள்ளி முழுக்கு

நாயை வான் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே தவநாயகி தன் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, வடிவாக் கேளுங்கோ. போற இடத்தில உந்த நாயால ஒரு கரைச்சல், ஒரே ஒரு கரைச்சல் வந்துதெண்டால், வரேக்க நேர ஹவுன்ஸ்லோவுக்குத்தான். பியற்றிஸ் வீட்டில இறக்கிப்போட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவன்."

பியற்றிஸ் மன்னார்க்காரி. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் தவநாயகியோடு நின்று தட்டு அடுக்குகிறவள். அவளுடைய புருசனுக்குப் பழைய கார் உடைக்கும் யார்ட் ஒன்று இருந்தது. காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தான். நாய் கிடைக்கும் முன்பே சங்கிலி வாங்கிவிட்டான். அந்தச் சங்கிலியைத் தவநாயகி கண்ணால் கண்டிருக்கிறாள். லொறி இழுக்கலாம்.

"ஓமப்பா, ஓம்" என்றான் யோகராஜா. நாயின் பின்பக்கத்தைத் தோளால் முட்டி வானுக்குள் தள்ளிக்கொண்டே சொன்னான். "அது ஒரு கரைச்சலும் தராது. பாரும், எவ்வளவு அமைதியா நிக்குது."

நாய் அமைதியாக நிற்கவில்லை. பயத்தில் விறைத்து நின்றது. பிறவுணிக்கு வான் பயம். தபால்காரன் பயம். பலூன் பயம். எல்லாவற்றையும்விடத் தண்ணீர் பயம். மழை தூறினால் வாசற்படியைத் தாண்டாது, அவசரத்தைக்கூட அடக்கிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஒன்று கார் யார்ட்டில் கள்ளனைப் பிடிக்கும் என்று பியற்றிஸின் புருசன் நம்பிக்கொண்டிருந்தான்.

கீழ்வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரியை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோன அன்று, நாயைக் கொண்டுபோக ஆளில்லை. "ரெண்டு நாளைக்கு" என்று சொல்லி யோகராஜா மேலே கொண்டுவந்தான். அந்த இரண்டு நாள் ஒரு வருஷமாகியிருந்தது. ஹீத்ரோவில் அவனுக்கு விமானத்தின் வயிற்றுக்குள் வேலை. நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஷிப்ட் முழுக்க முழங்காலில் நின்று சூட்கேஸ் இழுக்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் மனைவி தன் ஷிப்டுக்குப் போயிருப்பாள், மகள் கல்யாணி டீவியில் இருந்து கண்ணை எடுக்கமாட்டாள். அவனைக் கண்டு எழும்பி நிற்கிற ஒரே சீவன் பிறவுணிதான். அது எழும்பி நிற்பதோடு விடாது, பாத்ரூம் வாசல்வரை வந்து அவன் கால்விரலை நக்கிவிட்டுத்தான் போகும். இதையெல்லாம் அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

தவநாயகி அந்த ஒரு வருஷத்தில் நாயை ஒருதரம்கூடத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வரும்போது அதன் வால் அவள் சீலையில் பட்டால் திரும்பவும் போய் முழுகுவாள். குளிர்காலத்திலும் அப்படித்தான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் யோகராஜா நாயின் வாலைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஆவணி மாத பாங்க் ஹொலிடேக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வான் தவநாயகியின் தம்பி ஆனந்தராஜாவினுடையது. லண்டனின் மிச்சம் என்ற புறநகரில் கடை வைத்திருந்தான். உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வைத்துக் கட்டிய பயண வான் ஒன்றை எங்கோ ஏலத்தில் எடுத்து, கிழமை முழுக்க அதில் வெங்காய மூட்டை ஏற்றினான். இப்போது மனைவியைக் கடையில் நிறுத்திவிட்டு, புதுச் சப்பாத்தும் கிறீம் நிற ரவுசரும் போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டியரிங்கில் இருந்தான்.

"அத்தான், வெள்ளையள் லீவுக்கு இப்பிடித்தான் போறவங்கள். வீட்டையே கொண்டு போறது."

"வெள்ளையளின்ர வீடு வெங்காயம் மணக்காது, மாமா" என்றாள் கல்யாணி. இடத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். எப்பிங் காட்டோரத்தில் ஒரு பண்ணைக்காரனின் புல்வெளி. வான் நிறுத்தலாம், நாய் கொண்டுவரலாம், பக்கத்தில் நல்லதண்ணி ஊற்று. நாய் கொண்டுவரலாம் என்பதற்காக யோகராஜா ஒப்புக்கொண்டான். ஊற்று என்றதும் தவநாயகி ஒப்புக்கொண்டாள். ஊரில் எல்லாரும் தீர்த்தமாடுகிற கீரிமலைக் கேணி மாதிரியா என்று கேட்டாள். கீரிமலையைக் காணாத கல்யாணி, ஓம் என்று சொல்லிவைத்தாள்.

லண்டனின் நடுவால் ஊர்ந்து, வடக்கே ஏறும்போது தவநாயகி பின்னுக்குத் திரும்பி வடைப் பார்சலைத் திறந்தாள். பார்சல் பாதியாக இருந்தது.

"ஆர் திண்டது?"

"நான்தான்" என்றான் யோகராஜா.

"இவ்வளவு வடையுமோ?"

"பசிச்சுதப்பா."

"நீங்கள் வெள்ளிக்கிழமை விரதமெல்லோ?"

"அதுதான் பசிச்சுது."

அவள் அவன் வாயைப் பார்த்தாள். பிறகு நாயின் வாயைப் பார்த்தாள். யோகராஜா தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் நாயின் மூக்கில் ஒட்டியிருந்த உளுந்தை மெல்லத் துடைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணி இருமினாள். அத்தோடு அது போயிற்று.

பண்ணைக்காரரான பென்னெற், கேற்றடியில் நின்றார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அகன்ற கைகள். அதிகம் பேசாத மனிதர். வானை நிறுத்தும் இடத்தைக் காட்டினார், தண்ணீர்க் குழாயைக் காட்டினார், ஊற்றுப் பக்கம் கையை நீட்டினார். மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு மண்சரிவின் அடியில் இருந்து தண்ணீர் வந்து, கட்டில் அளவான ஒரு கல்தொட்டியில் நிரம்பியது. கண்ணாடித் தண்ணீர். அடியில் கிடந்த இலையின் நரம்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு பலகை.

"என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?" என்று தவநாயகி கேட்டாள்.

"நாயை இறக்கக்கூடாதாம். நாயைக் கட்டிவைக்கவேணுமாம்."

"பாத்தீங்களோ!" என்று அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "முன்கூட்டியே எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

"பிறவுணி அதுக்குள்ள இறங்குமோ? காசு குடுத்தாலும் இறங்காது" என்றான் யோகராஜா. நாய் தொட்டியில் இருந்து தள்ளி, கயிறு இறுகும்வரை பின்னால் போய், தண்ணீரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

அடுத்து முழுக்குப் பிரச்சினை வந்தது. வெள்ளிக்கிழமை. தவநாயகி லண்டனுக்கு வந்த நாள் தொட்டு வெள்ளி முழுக்கு விட்டதில்லை. வீட்டில் பாத்டப்புக்குள் வாளியை வைத்து, கோப்பையால் அள்ளி ஊற்றுவாள். இங்கே பண்ணைக்காரன் கட்டியிருந்த ஷவர், நிமிர்ந்து நிற்கும் சவப்பெட்டிபோல இருந்தது. காசு போட்டால் தண்ணீர் வரும், முடிந்தால் நிற்கும். கதவு முழுதாக மூடாது.

"உதுக்குள்ள கை தூக்கேலாது. நான் எப்பிடித் தலை முழுகிறது? எண்ணெய் வைச்சிட்டன். சீயாக்காய் அவிச்சுக் கொண்டந்திருக்கிறன்."

"ஒரு கிழமை முழுகாட்டி என்ன, அக்கா?" என்றான் ஆனந்தராஜா.

"நீ முழுகாமலே திரியிறனி. உனக்கென்ன தெரியும்."

அவள் ஊற்றைப் பார்த்தாள். யோகராஜாவுக்கு விளங்கிவிட்டது.

"நாயகி, பலகை கிடக்கு."

"பலகையில நாய் எண்டுதானே போட்டிருக்கு. மனுசர் எண்டு போடேல்லையே. நான் தொட்டிக்குள்ள இறங்கப்போறேனோ? கல்லில இருக்கிறன். நீங்கள் அள்ளி ஊத்துங்கோ. ஊரில கிணத்தடியில முழுகிற மாதிரி."

கேட்கிறவனுக்கு நியாயமாகத்தான் இருந்தது. கிணற்றடியில் கிணற்றுக்குள் இறங்கியா முழுகுகிறார்கள்? கல்லில் இருந்து முழுகுவார்கள், ஊற்றிய தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். ஊரில் எந்தக் கிணற்றடியும் வெளிப்பக்கம் சரித்துத்தான் கட்டியிருக்கும்.

இந்தக் கல் உட்பக்கம் சரிந்திருந்தது. அதை இருவரும் பார்க்கவில்லை.

தவநாயகி குறுக்குக்கட்டோடு கல்லில் குந்தினாள். மரங்களுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கல்யாணி "ஓ மை கோட், அம்மா" என்று சொல்லிவிட்டு வானுக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். யோகராஜா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினான். முதல் வாளிக்கு அவள் போட்ட சத்தத்தில் காட்டுக்குள் இருந்து ஏதோ பறந்து போனது.

"ஐயோ! ஐஸ்! ஐஸ்!"

"விடவோ?"

"விடாதேங்கோ, ஊத்துங்கோ!"

நல்லெண்ணெய் வழிந்தது. சீயாக்காய் நுரைத்தது. நாய் கயிற்றின் முனையில் இருந்து இந்தக் கொடுமையைப் பார்த்தது. தனக்கும் இதே கதி வரப்போகிறதோ என்று காதை மடித்துக்கொண்டது. வெள்ளி முழுக்கு குறைவில்லாமல் நடந்து முடிந்தது. தவநாயகி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, முகம் சிவந்து, சிரித்தபடி வந்தாள். லண்டனுக்கு வந்த பிறகு இப்படி ஒரு முழுக்கு முழுகியதில்லை என்றாள். தன்னோடு பகிடி விட்டுச் சிரித்த மனைவியைப் பார்த்த யோகராஜாவுக்கு, நாய் விஷயம் இனிச் சரிவந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது.

புல்வெளியில் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் அப்போதுதான் கேத்தலை அடுப்பில் வைத்தது.

கேத்தல் கொதித்தது. கொதித்தபோது மூக்கால் நுரை வந்தது. ஊற்றின் தொட்டியில் இருந்துதான் குழாய்க்குத் தண்ணீர் போகிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. அந்தக் குடும்பத்துத் தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பென்னெற்றிடம் போனார். பென்னெற் தொட்டியை எட்டிப் பார்த்தார். எண்ணெய் ஏழு நிறத்தில் மிதந்தது. நேரே வானடிக்கு வந்தார்.

உங்கள் நாய் ஊற்றுக்குள் இறங்கியதா என்று கேட்டார். அவர் கண்ட குற்றவாளி நாய்தான். பலகையும் அதற்காகத்தான் போட்டிருந்தார்.

யாராவது வாயைத் திறப்பதற்குள் ஆனந்தராஜா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னுக்கு வந்தான். ஓம், நாய்தான், கயிறு அவிழ்ந்துவிட்டது, மன்னிக்கவேண்டும், மிகவும் மன்னிக்கவேண்டும் என்று இங்கிலீசில் அள்ளி விட்டான். கடைக்கு வருகிற குடிகாரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீசு. தடையில்லாமல் வரும்.

அப்படியென்றால் நாய் இங்கே நிற்க முடியாது, இப்போதே கொண்டுபோகவேண்டும், மற்றவர்கள் நிற்கலாம் என்றார் பென்னெற்.

ஆனந்தராஜா தமக்கை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: "அக்கா, ஒரே வேலையா முடிஞ்சுது. உனக்கும் அது போகவேணும். இப்ப வெளிக்கிட்டால் ஹவுன்ஸ்லோவில விட்டுப்போட்டு இருட்ட முன்னம் வந்திடலாம். நீ சொன்ன ஒரு கரைச்சல், இந்தா வந்திட்டுது."

தவநாயகி யோகராஜாவைப் பார்த்தாள்.

நாய் இல்லை, என் மனுசி என்று யோகராஜா ஒரு வார்த்தை சொன்னால் நாய் தப்பும். நாலு வெள்ளைக்காரர் பார்த்து நிற்க, ஈரத்தலையோடு நிற்கிற பெண்சாதியைக் கைநீட்டிக் காட்ட அவனால் ஏலவில்லை. அவன் போய் வானின் சில்லில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கயிற்றைக் கையில் கண்டதும் உலாவக் கூட்டிப்போகிறான் என்று நினைத்து நாய் துள்ளியது. அவன் முழங்காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, கயிற்றால் அவன் காலையே கட்டிவிட்டது. அவன் குனிந்து சிக்கெடுத்தான். சிக்கெடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. குனிந்தபடியே இருந்தான்.

"நில்லுங்கோ" என்றாள் தவநாயகி.

அவள் பென்னெற் முன்னால் போய் நின்றாள். கிச்சினில் சுப்பர்வைசரோடு சண்டை பிடிக்க வைத்திருந்த இங்கிலீசு முழுவதையும் திரட்டினாள்.

"நோ டோக்" என்று நாயைக் காட்டினாள். "டோக் வெரி ஃபிரைட் வோட்டர். மீ. மை ஹெட்."

பென்னெற்றுக்கு விளங்கவில்லை. அவள் தலையில் இருந்த துவாயை அவிழ்த்தாள். இடுப்புவரை கூந்தல் விழுந்தது. அவள் ஒரு பிடியை முன்னுக்கு இழுத்து அவர் மூக்கடியில் நீட்டினாள். பிறகு சீயாக்காய்ப் போத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டினாள். அவர் கூந்தலையும் மணந்து போத்தலையும் மணந்தார். பின்னால் கேத்தல்காரரும் வந்து தன் தேநீரையும் போத்தலையும் மாறிமாறி மணந்து, ஓம், இதுதான் என்று சாட்சி சொன்னார்.

"அக்கா, உனக்கு விசரோ!" என்றான் ஆனந்தராஜா. "எல்லாரையும் கலைக்கப்போறான்."

"என்ர எண்ணெயைக் கொண்டுபோய் நாயின்ர தலையில கட்டாதை. அது பாவம், தூரத்தில இருந்து பாத்துக்கொண்டு இருந்தது. உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்கு."

பென்னெற்றின் மீசை ஒருபக்கமாக இழுபட்டது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று தெரியவில்லை. குழாய்க்குத் தண்ணீர் போகிற வழியின் அடைப்பை மூடினார். இரண்டு வாளியும் ஒரு பிறஷும் கொண்டுவந்து புல்லில் போட்டார். தொட்டியை இறைத்து, தேய்த்துக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் மூட்டை கட்டவேண்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பம்ப் இருக்கோ எண்டு கேள், பிள்ளை" என்றான் ஆனந்தராஜா.

"பம்ப் இல்லை, மாமா. நீங்கள்தான் பம்ப்."

யோகராஜா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். தண்ணீர் தொடையைக் கடித்தது. ஊற்றுக் கிணறு இறைக்கிற வேலை அவனுக்குத் தெரியும். புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு இறைத்தவன். இறைக்க இறைக்க ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும். அது ஊறுகிற வேகத்தை நீ முந்தவேண்டும். நின்று மூச்சு வாங்கினால் தோற்றாய். அவன் அள்ளினான், தவநாயகி வாங்கினாள், ஆனந்தராஜா மேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஊற்றினான். கல்யாணியும் வெளியே வந்து வெறும் வாளியைத் திருப்பி எறிந்தாள்.

கேத்தல்காரக் குடும்பம் மடக்குக் கதிரைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு அதில் குந்தியிருந்தது.

"படம் பாக்கிற மாதிரிப் பாக்கிறாங்கள், அத்தான்."

"நீ வாளியைப் பார்."

"ஐயோ! கடிக்குது! என்னவோ கடிக்குது!" ஆனந்தராஜா மேட்டுக்கு அப்பால் ஒற்றைக் காலில் துள்ளினான். அங்கே நின்ற பச்சைச் செடி முழுக்கச் சுணை.

"இங்கிலீசுக் காஞ்சோண்டி" என்றாள் தவநாயகி. "பொய் சொன்னவைக்குக் கடிக்கும்."

கிறீம் ரவுசர் முழங்கால்வரை பச்சையாகிவிட்டது. புதுச் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் தவளை மாதிரிக் கத்தியது. யோகராஜாவுக்கு முதுகு விண்விண் என்று வலித்தது. ஆனாலும் விமானத்தின் வயிற்றுக்குள் இழுக்கிற வலியல்ல இது. இங்கே நிமிரலாம். இடைக்கிடை நிமிர்ந்தான். அப்போதெல்லாம் வானடியில் திரும்பவும் கட்டியிருந்த நாய் வாலை ஆட்டியது.

அடி தெரிந்தது. தவநாயகி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கிச்சினில் தட்டுத் தேய்க்கிற தேய்ப்புத் தேய்த்தாள். பாசியும் போயிற்று. இரண்டுதரம் கழுவி இறைத்து, கல்விளிம்பையும் தேய்த்து ஏறினார்கள். ஊற்று மெல்ல ஊறித் தொட்டியை நிரப்பியது. பென்னெற் வந்தார். ஒரு கோப்பை அள்ளி, மணந்து, குடித்தார். இன்னொரு கோப்பையும் குடித்தார். தொட்டி என் அப்பா காலத்துக்குப் பிறகு இப்படி வெளுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடைப்பைத் திறந்துவிட்டு, வாளிகளை நாளைக்கு எடுக்கிறேன் என்று போனார். கதிரைக்காரர் கைதட்டிவிட்டுக் கதிரைகளை மடித்துக்கொண்டு போனார்கள்.

மாலை வெயில் மரங்களுக்கு நடுவால் சரிந்து வந்தது. நாலு பேரும் புல்லில் கால் நீட்டி இருந்தார்கள். ஆனந்தராஜா கறுப்புக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினான். யோகராஜா போய் நாயை அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி வந்து இருந்தான்.

"இஞ்சேர், ஹவுன்ஸ்லோ..." என்று மெதுவாகத் தொடங்கினான்.

"அதைப் பிறகு பாப்பம்" என்றாள் தவநாயகி. பிறகு பார்ப்பம் என்றால் இன்னும் முடிவில்லை. சட்டம் சட்டம்தான். நாயால் இதுவரை ஒரு கரைச்சலும் இல்லை, அவ்வளவுதான்.

கல்விளிம்பில் ஓரிடத்தில் நல்லெண்ணெய் மிச்சம் இருந்தது. கல்லின் கீழ்மடிப்புக்குள் ஒரு கை அகலம். பிறஷ் எட்டாத இடம். அதை ஒருவரும் காணவில்லை. பிறவுணியின் மூக்கு கண்டது. தண்ணீர்ப் பயத்தையும் மீறி மூக்கு இழுத்துக்கொண்டு போனது. யோகராஜாவின் கை களைத்து, கயிறு தளர்ந்து கிடந்தது. நாய் கல்லில் ஏறி, கழுத்தை நீட்டி, நக்கியது. நல்ல எண்ணெய். இன்னும் நீட்டியது. முன்னங்கால் எண்ணெயில் வழுக்கியது.

தொபுக்கடீர்.

யோகராஜா எழும்புவதற்குள் தவநாயகி ஓடிவிட்டாள். கல்லில் குப்புற விழுந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, கண் பிதுங்கி அலறிக்கொண்டிருந்த நாயைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினாள். அது குழந்தைபோல அவள் கழுத்தைச் சுற்றிக் காலைப் போட்டுக்கொண்டு நடுங்கியது. முழுகிய தலை, மாற்றிய சீலை, வெள்ளிக்கிழமை, எல்லாம் நாய் மயிர்.

கல்யாணி வாயைப் பொத்திக்கொண்டாள். நாய் தொட்டிக்குள். அதுதான் அந்த ஒரே ஒரு கரைச்சல்.

தவநாயகி நாயை இறக்கவில்லை. கேத்தல்காரக் கூடாரத்தைப் பார்த்தாள். பண்ணை வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஆரும் கண்டவையோ?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லை" என்றான் யோகராஜா.

"நீங்கள்?"

யோகராஜா நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நானும் காணேல்லை."

"ஆனந்தன்?"

"அக்கா, அது உனக்கு முன்னால..."

"கண்டனியோ?"

"காணேல்லை" என்றான் ஆனந்தராஜா.

"அப்ப ஓடிப்போய் அந்த அடைப்பை மூடு. கேத்தலுக்குத் தண்ணி பிடிக்க வரப்போறாங்கள். இஞ்சேருங்கோ, வாளியை எடுங்கோ. திரும்ப இறைப்பம்."

"அக்கா! என்ர ரவுசர்..."

"பச்சையாப் போனது போனதுதானே. கெதியாப் போ."

யோகராஜா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பவும் இறங்கினான். இந்தமுறை தண்ணீர் அவ்வளவு குளிரவில்லை. தவநாயகி நாயை வானின் படியில் இருத்தி, தன் முழுக்குத் துவாயால் அதன் காதைத் துடைத்தாள். துடைத்தபடியே அதோடு கதைத்தாள்.

"பியற்றிஸுக்கு வேற நாய் பாத்துக் குடுப்பம். நீ உந்த லட்சணத்தில அங்க என்னத்தைக் காவல் காக்கப்போறாய், சொல்லு பாப்பம்?"

பிறவுணி எழும்பி நின்று, தலை தொடக்கம் வால்வரை ஒருதரம் உலுப்பியது. அடைப்பை மூடிவிட்டு அந்தப் பக்கத்தால் வந்துகொண்டிருந்த ஆனந்தராஜாவின் கறுப்புக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.